மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையை மணந்த ராணி: அங்கூலெம் இசபெல்

மாறன்_க | ஜனவரி 4, இரவு 9:12

இங்கிலாந்து அரசன் ஜானின் மனைவி அங்கூலெம் இசபெல்லைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். சின்னப் பெண்ணாக இருந்தபோதே ஜான் மயங்கிப்போய்க் கவர்ந்துகொண்டு வந்தான். அவன் செத்ததும் இவள் ஊருக்குத் திரும்பி, தன்னை முதலில் நிச்சயித்திருந்த பழைய ஆளையே கட்டிக்கொண்டாள். அந்த ஆள் அப்போது இவளுடைய மகளுக்கு நிச்சயமாகியிருந்தான். அப்புறம் வரதட்சணைத் தகராறில் மகன் ராஜ்யத்தோடேயே பகை. இரண்டு கல்யாணமும் ஆசையால் நடந்தவை என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

சுவடிமேடு | ஜனவரி 4, இரவு 10:47

பெரிய பிழை மூன்று.

ஒன்று, "பழைய ஆள்" வேறு, மணந்த ஆள் வேறு. 1200-இல் நிச்சயித்திருந்தவன் லூசிஞான் வம்சத்து 9-ஆம் ஊக். 1220-இல் மணந்தது 10-ஆம் ஊக். அப்பனும் மகனும். அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு ஊக் என்பதால் இந்தக் குழப்பம் பழைய வரலாற்றாசிரியர்களுக்கே வந்திருக்கிறது. பழைய காதல் திரும்பியது என்ற கதை முழுக்க இந்த எண் குழப்பத்தில் முளைத்தது.

இரண்டு, அது வரதட்சணை இல்லை. திசையே தலைகீழ். நாளை எழுதுகிறேன்.

மூன்று, ஆசை. ஜானுக்கு ஆசை இருந்ததா என்று அவன் படுக்கையறையில் தேடவேண்டாம், வரைபடத்தில் தேடினால் போதும். பிரான்சில் புவாத்தியேயிலிருந்து போர்தோவுக்குப் போகிற வழியில் ஏறக்குறைய நடுவில் அங்கூலெம். லூசிஞான் கோட்டை புவாத்தியேக்குத் தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டர். கிழக்கே லா மார்ஷ் சிற்றரசு, அதையும் 9-ஆம் ஊக் அப்போதுதான் கையகப்படுத்தியிருந்தான். இசபெல் தன் அப்பா எமாரின் ஒரே பிள்ளை, அங்கூலெமின் வாரிசு. அவளை ஊக் மணந்தால் லூசிஞான், லா மார்ஷ், அங்கூலெம் மூன்றும் ஒரே கைக்குப் போகும். பிரான்சில் ஜான் ஆண்ட வடக்கு நிலத்துக்கும் தெற்கே போர்தோவைச் சுற்றிய கஸ்கோனிக்கும் நடுவே ஒரு பூட்டுப் போட்ட மாதிரி. அந்தப் பூட்டு விழுவதற்குள் சாவியை எடுத்துக்கொண்டான் ஜான்.

இளவேனில் | ஜனவரி 5, காலை 7:30

ஜான் மதியம்வரை அவளோடு படுக்கையிலேயே கிடந்தான், அதனால் நார்மண்டி போயிற்று என்று ஒரு பழைய நாளாகமம் சொல்கிறதே?

சுவடிமேடு | ஜனவரி 5, காலை 8:05

எழுதியவர் வெண்டோவர் ரோஜர் என்ற துறவி. ஜான் செத்தபிறகு உட்கார்ந்து எழுதியது. 1200-இலேயே எழுதிக்கொண்டிருந்த ஹவ்டன் ரோஜர் வேறு மாதிரி சொல்கிறார்: பெண்ணுக்குக் கல்யாண வயது வரவில்லை, அதனால் ஊக் தேவாலய வாசலில் வைத்துச் சடங்கை முடிக்காமல் காத்திருந்தான். பக்கத்தில் இருந்தவர் பேச்சுக்கு முதல் மரியாதை.

சுவடிமேடு | ஜனவரி 5, இரவு 11:20

கல்யாணச் சட்டம். இது புரியாமல் மேலே போனால் எல்லாம் ஆசைக் கதையாகத்தான் தெரியும்.

அன்றைய திருச்சபைச் சட்டத்தில் திருமணத்தை உண்டாக்குவது சம்மதச் சொல். பாதிரியாரோ விருந்தோ அல்ல. சொல் எந்தக் காலத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். "உன்னைக் கட்டிக்கொள்வேன்" என்றால் அது நிச்சயதார்த்தம். "உன்னைக் கட்டிக்கொள்கிறேன்" என்றால் அந்த நொடியே திருமணம். ஒரு காலவிகுதியில் தலையெழுத்து மாறும்.

அதற்கு மேல் வயது. 7 வயதுக்குக் கீழே செய்த நிச்சயம் செல்லாது. பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 ஆகாமல் "கட்டிக்கொள்கிறேன்" என்றே சொன்னாலும் அது நிச்சயத்துக்குச் சமம்தான். வயது வந்தபிறகு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இப்போது 1200-ஐப் பாருங்கள். ஊக்கும் இசபெல்லும் நிகழ்காலச் சொல்லிலேயே உறுதி சொல்லியிருந்தார்கள் என்கிறார் ஹவ்டன். அவளுக்கு 12 ஆகியிருந்தால் அது முழுத் திருமணம், ஜான் கட்டியது செல்லாது. ஆகவில்லை என்றால் ஊக்கோடு இருந்தது வெறும் நிச்சயம், உடைக்கலாம். ஆனால் அதே கணக்கு ஜானையும் திருப்பி அடிக்கும்! 12 ஆகாத பெண்ணை 33 வயதில் அவன் கட்டியதும் நிச்சயத்துக்குச் சமம்தானே. ஜான் தரப்புக்கு வசதியான வயது ஒன்றுதான்: ஊக்கோடு பேசியபோது 12-க்குக் கீழே, ஜானோடு பேசியபோது 12-க்கு மேலே.

நடந்த வரிசை:

1199-இல் ஜானின் முதல் மனைவி குளோஸ்டர் இசபெலோடு இருந்த திருமணம் ரத்து. (இவளும் இசபெல். பெயருக்கு அவ்வளவு பஞ்சம்.) 1200 மே 22-இல் ல கூலே ஒப்பந்தம், அதைப் பற்றிப் பிறகு. கோடையில் ஜான் போர்ச்சுகல் அரசன் மகளைக் கேட்டுத் தூதர்களை அனுப்பினான். அவர்கள் அங்கே பேசிக்கொண்டிருக்கும்போதே ஆகஸ்ட் 24 அன்று இங்கே இசபெலைக் கட்டிவிட்டான். போர்தோ பேராயர் எலி நடத்திவைத்தார். அக்டோபர் 8-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் ராணியாக முடிசூட்டு.

தராசு | ஜனவரி 6, காலை 6:58

முதல் மனைவியை எந்தக் காரணத்தில் ரத்து செய்தார்கள்? பிள்ளை இல்லை என்றா?

சுவடிமேடு | ஜனவரி 6, மதியம் 1:15

பிள்ளை இல்லாதது ரத்துக்குக் காரணம் ஆகாது. ரத்த உறவுதான் காரணம். பொது மூதாதையிலிருந்து தலைமுறையை எண்ணவேண்டும். முதலாம் ஹென்றி, அவர் மகள் மெடில்டா 1, பேரன் இரண்டாம் ஹென்றி 2, ஜான் 3. மறுபக்கம் முதலாம் ஹென்றியின் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் குளோஸ்டர் ராபர்ட் 1, வில்லியம் 2, இசபெல் 3. இரண்டு பக்கமும் மூன்றாம் படி. அன்றைய தடை 7 படிவரை. 1215-இல் திருச்சபையின் நாலாம் லாத்தரன் சங்கம் அதை 4 படியாகக் குறைத்தது. குறைத்தபிறகும் இவர்கள் தேறமாட்டார்கள்.

முறைப்பெண் கட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு விசித்திரமாக இருக்கும். பிரபுக்களுக்கு இது பெரிய வசதி. 7 படிவரை எண்ணினால் சமமான குடும்பங்களில் யாருமே மிஞ்சமாட்டார்கள். கட்டும்போது யாரும் எண்ணமாட்டார்கள், வெட்டும்போது விரல்விட்டு எண்ணுவார்கள். ஜானுக்குக் கட்டும்போதே கேன்டர்பரி பேராயர் தடை சொன்னார், 1189-இல். பத்து வருஷம் கழித்து அதே தடை ஜானுக்குக் கைகொடுத்தது.

மாறன்_க | ஜனவரி 6, இரவு 8:40

சரி, நிலத்துக்காகவே கட்டினான் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அந்தக் கல்யாணத்தாலேயே நார்மண்டியை இழந்தானே. புத்திசாலி செய்கிற வேலையா?

சுவடிமேடு | ஜனவரி 6, இரவு 11:55

கல்யாணம் கெட்டிக்காரத்தனம். அதற்குப் பிறகு செய்ததுதான் முட்டாள்தனம்.

நிச்சயித்த பெண்ணைப் பெரிய பிரபு எடுத்துக்கொண்டால் இழந்தவனுக்கு வேறு பெண்ணோ நிலமோ கொடுத்துச் சமாதானம் செய்யவேண்டும். ஜான் ஊக்குக்கு ஒரு காணி கொடுக்கவில்லை. 1201-இல் லா மார்ஷையும் பறித்தான். லூசிஞான்காரர்கள் முறையிட்டபோது அவர்கள்மேல் துரோகக் குற்றம் சாட்டி, வாள் சண்டையில் தீர்ப்பு, என் பக்கம் கூலிச் சண்டைக்காரர்கள் இறங்குவார்கள் என்றான். அவர்கள் மறுத்துவிட்டுப் பிரெஞ்சு அரசன் இரண்டாம் ஃபிலிப்பிடம் போனார்கள்.

இங்கேதான் ல கூலே ஒப்பந்தம் வருகிறது. அதில் ஜான் தன் பிரெஞ்சு நிலங்கள் அனைத்துக்கும் ஃபிலிப்பைத் தன் மேலாள் என்று ஒப்புக்கொண்டு, வாரிசுக் கட்டணமாக 20,000 மார்க் தர இசைந்திருந்தான். (ஒரு மார்க் என்பது 160 பென்னி, அதாவது பவுண்டில் மூன்றில் இரண்டு. ஆக 13,333 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்னி.) பணம் போனால் போகட்டும், அந்த ஒப்புதலால் ஃபிலிப்பின் அவையில் ஜான்மேல் வழக்குப் போட முடிந்தது. 1202 ஏப்ரலில் பாரிசுக்கு அழைப்பாணை. நார்மண்டிப் பிரபு எல்லையைத் தாண்டி வரவேண்டியதில்லை, அதுதான் வழக்கம் என்றான் ஜான். நார்மண்டிப் பிரபுவை யார் அழைத்தது, அக்கித்தேன் (புவாத்தியே, போர்தோ அடங்கிய தென்மேற்கு நிலம்) பிரபுவை அல்லவா அழைத்தோம் என்றார்கள். ஒரே உடம்பில் இரண்டு பதவி இருந்தால் வருகிற வினை. வரவில்லை, நிலம் பறிமுதல் என்று தீர்ப்பு. 1204 மார்ச்சில் ஷாத்தோ கையார் கோட்டை விழுந்தது, ஜூனில் ரூவான்.

இளவேனில் | ஜனவரி 7, காலை 9:02

இதில் எங்கேயாவது இசபெல் வாய் திறந்தாளா?

சுவடிமேடு | ஜனவரி 7, காலை 9:30

இல்லை.

சுவடிமேடு | ஜனவரி 7, இரவு 10:10

ஒரு வார்த்தையில் சொன்னது போதாது. ஜான் உயிரோடு இருந்த 16 வருஷமும் அவள் கையில் சொந்தப் பணம் ஓடவில்லை. ராணிக்குப் "பொன் பங்கு" என்று ஒரு வரவு உண்டு. அரசனுக்கு யாராவது விரும்பிக் கட்டுகிற தொகையில் 100 வெள்ளி மார்க்குக்கு 1 பொன் மார்க் ராணிக்கு. ஜான் அதைத் தானே வைத்துக்கொண்டான். 1202 ஜூனில் அப்பா எமார் செத்தபோது அங்கூலெம் அவளுக்கு வந்திருக்கவேண்டும், ஜான் கணவன் உரிமையில் அதை ஆண்டான். மிச்சமிருந்தது டவர். அது கணவன் செத்தால்தான் கைக்கு வரும்.

டவர் என்றால் கைபேசிக் கோபுரம் இல்லை! மாறன் வரதட்சணை என்று எழுதியது இதைத்தான். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுப்பது சீதனம், வரதட்சணை. டவர் எதிர்த் திசை: கணவன் தன் நிலத்தில் இன்னின்னது என் மனைவிக்கு, நான் செத்தபின் அவள் ஆயுள்வரை என்று கல்யாணத்தின்போது ஒதுக்குவது. விற்க முடியாது, அவள் செத்ததும் கணவனின் வாரிசுக்குத் திரும்பும். நம் பரிசமும் ஆகாது, ஜீவனாம்சமும் ஆகாது. இங்கே விதவைப் பங்கு என்றே எழுதுகிறேன்.

இசபெல்லின் விதவைப் பங்கில் பிரான்சில் நியோர், சாந்த் போன்ற ஊர்களும் இங்கிலாந்தில் எக்ஸிட்டர், ராக்கிங்ஹாம் முதலிய இடங்களும் இருந்தன.

தராசு | ஜனவரி 8, காலை 7:11

முதல் ஐந்து பிள்ளைகள் யார் யார்?

சுவடிமேடு | ஜனவரி 8, காலை 7:40

மூன்றாம் ஹென்றி 1207, ரிச்சர்ட் 1209, ஜோன் 1210, இசபெல் 1214, எலினார் 1215. கல்யாணத்துக்கும் முதல் பிள்ளைக்கும் 7 வருஷம். 1200-இல் அவள் எவ்வளவு சின்னவள் என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். அம்மா அலீஸ் கூர்த்தனேவுக்கு அதற்கு முன் வேறு திருமணம் இருந்ததால் 1186-க்கு முன்னே பிறந்திருக்கவும் வழியில்லை.

மாறன்_க | ஜனவரி 8, இரவு 9:25

இப்போது முக்கியமான இடத்துக்கு வாருங்கள். மகளின் மாப்பிள்ளை.

சுவடிமேடு | ஜனவரி 9, இரவு 12:35

1214-இலிருந்து தொடங்கவேண்டும். ஜான் இழந்த நிலத்தை மீட்கப் புவாத்துவுக்கு (புவாத்தியேயைச் சுற்றிய பகுதி) வந்தான். லூசிஞான்காரர்களை இழுக்க அவர்களுக்குப் பழைய கடன் ஒன்று பாக்கி இருந்தது அல்லவா, ஒரு பெண். 10-ஆம் ஊக்குத் தன் மகள் ஜோனைக் கொடுக்கிறேன் என்று மே 25-இல் பார்த்தெனே ஊரில் ஒப்பந்தம். சீதனம் சாந்த், சாந்தோஞ்ச் பகுதி, ஓலெரோன் தீவு. (இது நிஜமாகவே சீதனம், மாறன் இங்கே அந்தச் சொல்லைப் போடலாம்.) குழந்தைக்கு 4 வயதுகூட நிரம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டிலேயே வளர அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரத்தில் ஜான் ஜூலை 2-இல் ரோஷ்-ஓ-முவான் முற்றுகையை விட்டு ஓடினான். ஜூலை 27-இல் பூவினில் அவன் கூட்டாளிகளும் தோற்றார்கள்.

1216 அக்டோபரில் ஜான் மரணம். 9 வயது ஹென்றிக்குக் குளோஸ்டரில் அவசர முடிசூட்டு, கிரீடம் கிடைக்காமல் தலைக்கு ஒரு சிறு பொன் வளையம். அது அம்மாவுடையது என்பது வழிவழிப் பேச்சு. ஆட்சியை மூத்த பிரபு வில்லியம் மார்ஷல் ஏற்றார். ராணிக்கு அதில் பங்கு இல்லை. 1217-இல் அவள் அங்கூலெம் திரும்பினாள், தன் அப்பன் ஊரைத் தானே ஆள. வாழ்க்கையில் முதல் தடவை.

1219-இல் 9-ஆம் ஊக் சிலுவைப்போரில் எகிப்தின் தமியாத்தாவில் செத்தான். 10-ஆம் ஊக் இப்போது லூசிஞானுக்கும் லா மார்ஷுக்கும் தலைவன், வாரிசு இல்லை, வீட்டில் நிச்சயித்த பெண்ணுக்கு 9 வயது. 1220 வசந்தத்தில் அவன் ஜோனை விட்டு அவள் அம்மாவை மணந்தான்.

இசபெல் மகனுக்கு எழுதிய கடிதம் தப்பிப் பிழைத்திருக்கிறது. சாரம் இது: ஊக்குப் புவாத்துவில் வாரிசு இல்லை. உன் தங்கை வயது மிகச் சிறியது என்பதால் அவன் நண்பர்கள் அந்தக் கல்யாணத்துக்கு இசையவில்லை, சீக்கிரம் பிள்ளை பெறக்கூடிய ஒருத்தியைப் பிரான்சில் எடுக்கச் சொன்னார்கள். எடுத்திருந்தால் புவாத்துவிலும் கஸ்கோனியிலும் உன் நிலம், என் நிலம் இரண்டும் போயிருக்கும். அந்த ஆபத்தைப் பார்த்து நாமே அவரைக் கணவராக ஏற்றோம். உன் நன்மைக்காகவே, நம் நன்மைக்காக அல்ல.

அடுத்த மூச்சிலேயே பட்டியல்: நியோர், எக்ஸிட்டர், ராக்கிங்ஹாம், கூடவே ஜான் எழுதிவைத்த 3,500 மார்க். பவுண்டில் 2,333, 6 ஷில்லிங் 8 பென்னி.

இளவேனில் | ஜனவரி 9, காலை 8:15

உன் நன்மைக்காகத்தான் உன் தங்கச்சி மாப்பிள்ளையைக் கட்டினேன், செக்கை மட்டும் அனுப்பிவை. 😄

சுவடிமேடு | ஜனவரி 9, காலை 8:50

சிரிக்கலாம், வாதம் சரிதான். ஊக் ஒரு பிரெஞ்சுப் பெண்ணை எடுத்திருந்தால் லூசிஞானும் அங்கூலெமும் எதிரெதிர் அணி. அவள் ஊர் நடுவில் மாட்டியிருக்கும்.

தராசு | ஜனவரி 9, இரவு 7:44

திருச்சபைச் சட்டம் இதை அனுமதித்ததா? மகளோடு நிச்சயம், அம்மாவோடு கல்யாணம்.

சுவடிமேடு | ஜனவரி 9, இரவு 11:02

நல்ல இடம். "பொது ஒழுக்கம்" என்று ஒரு தடை உண்டு. ஒருவரோடு நிச்சயமானால் அவருடைய நெருங்கிய ரத்த உறவை மணக்கக்கூடாது. இந்தக் கல்யாணத்தில் அது இரண்டு தடவை முளைக்கிறது: ஊக் நிச்சயித்தது அவள் மகளை, அவளை நிச்சயித்தது அவன் அப்பன். இரண்டு பக்கமும் குறுக்குக் கோடு.

ஜோன் பக்கத்துக் கோட்டை அழிக்க ஒரு வழி இருந்தது. 1214-இல் அவளுக்கு 7 ஆகவில்லை, ஆகவே அந்த நிச்சயம் தொடக்கத்திலேயே செல்லாது. எதிர்வாதமும் உண்டு: 1217 ஜூலையில் 7 நிரம்பியபிறகும் மாப்பிள்ளை வீட்டிலேயே இருந்தாள், இருந்ததே உறுதிசெய்ததற்குச் சமம். 9-ஆம் ஊக் பக்கத்துக் கோட்டை அந்த வயதுக் கணக்கால் அழிக்க முடியாது, 1200-இல் இசபெல் 7-ஐத் தாண்டியவள். ஏட்டில் இவ்வளவு இருந்தும் திருமணம் நின்றது, பிள்ளைகள் 9 பேரும் முறையான வாரிசுகளாகவே வாழ்ந்தார்கள்.

லண்டனில் உறுத்தியது வேறு. 1215 மாக்னா கார்ட்டாவின் (ஜானிடம் பிரபுக்கள் வாங்கிய உரிமைச் சாசனம்) 7-ஆம் பிரிவு விதவைக்கு உரியதைத் தடையில்லாமல் கொடுக்கச் சொல்கிறது, 40 நாளுக்குள் பங்கு ஒதுக்கவேண்டும். 1217 மறுபதிப்பு அந்தப் பங்கைக் கணவன் நிலத்தில் மூன்றில் ஒன்று என்று வரையறுத்தது. ஆனால் 8-ஆம் பிரிவு: விதவையைக் கட்டாயப்படுத்தி மணமுடிக்கக்கூடாது, அவளும் மேலாளின் சம்மதமில்லாமல் மணக்கமாட்டேன் என்று உறுதி தரவேண்டும். இசபெல் இங்கிலாந்தில் வைத்திருந்த நிலத்துக்கு மேலாள் அவள் மகன்தான். பால் கொடுத்த பிள்ளையிடம் கேட்டுவிட்டுக் கல்யாணம் செய்திருக்கவேண்டும். கேட்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஆட்சிக் குழு அவள் பங்கைத் தடுத்தது.

மாறன்_க | ஜனவரி 10, காலை 6:45

"பால் கொடுத்த" என்பது அதிகம். ராணிகள் கொடுப்பதில்லை.

சுவடிமேடு | ஜனவரி 10, காலை 7:20

ஒப்புக்கொள்கிறேன். ஹென்றிக்குச் செவிலித்தாய் இருந்தாள். பெற்ற பிள்ளை என்று வாசிக்கவும்.

இளவேனில் | ஜனவரி 10, இரவு 9:33

ஜோன் என்ன ஆனாள்? எல்லாரும் அம்மாவைப் பற்றியே பேசுகிறீர்கள்.

சுவடிமேடு | ஜனவரி 10, இரவு 11:48

இந்த இழையில் நான் இசபெல்லுக்கு வக்கீலாகவே பேசிவிட்டேன். அது உடைகிற இடம் இதுதான்.

ஜோனை உடனே அனுப்பவில்லை. மகள் லூசிஞானிலேயே இருந்தாள், முதல்நாள்வரை மாப்பிள்ளையாக இருந்தவன் இப்போது அம்மாவின் கணவன். விதவைப் பங்கைக் கொடுங்கள், பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேரம். சீதனமாகப் பேசிய நிலத்தையும் ஊக் விடவில்லை. லண்டனிலும் அவசரம்: 1220 ஜூனில் ஸ்காட்லாந்து அரசன் இரண்டாம் அலெக்சாண்டருக்கு ஜோனைத் தருவதாக ஒப்பந்தம் போட்டாயிற்று. அதில் ஒரு விதி, ஜோன் கைக்குக் கிடைக்காவிட்டால் தங்கை இசபெல்லைத் தருவோம் என்று. போப்பாண்டவர் மூன்றாம் ஒனோரியுஸ் சபைநீக்க மிரட்டலோடு தலையிட்டார். அந்த இலையுதிர் காலத்தில்தான் பெண்ணை அனுப்பினார்கள். 1221 ஜூனில் யார்க்கில் அலெக்சாண்டரோடு கல்யாணம். அவளுக்கு 10 வயது, 11 ஆக ஒரு மாதம் பாக்கி.

தனக்கு 1200-இல் செய்ததை 1220-இல் தன் மகளுக்குச் செய்தாள். நிலக் கணக்கு அவள் கல்யாணத்தை விளக்கும். குழந்தையைப் பிணையாக வைத்ததை விளக்கத் தனியாக ஏதும் தேவையில்லை, பேராசை போதும்.

தராசு | ஜனவரி 11, காலை 10:05

கடைசியில் பங்கு கிடைத்ததா?

சுவடிமேடு | ஜனவரி 11, மதியம் 2:30

1224-இல் பிரெஞ்சு அரசன் 8-ஆம் லூயி படையெடுத்தபோது ஊக் அவன் பக்கம் சேர்ந்தான். ஜூலையில் நியோர், ஆகஸ்ட் 3-இல் லா ரோஷெல் பிரெஞ்சுக் கைக்குப் போயின. அதாவது அவள் கேட்ட நியோரை அவள் கணவன் அணியே மகனிடமிருந்து பிடுங்கியது. பிரெஞ்சு அரசு ஈடாக ஆண்டுப் பணம் கொடுத்தது. அதன்பிறகு யார் அதிகம் கொடுக்கிறார்களோ அந்தப் பக்கம். ராணிப் பட்டத்தை மட்டும் விடவே இல்லை.

சுவடிமேடு | ஜனவரி 12, இரவு 10:55

1241 புவாத்தியே. பிரெஞ்சு அரசன் 9-ஆம் லூயி தன் தம்பி அல்ஃபோன்சைப் புவாத்தியே சிற்றரசனாக்கினான். ஊக் அவனுக்கு மண்டியிட்டு விசுவாசம் சொல்லவேண்டும். லா ரோஷெல் நகரவாசி ஒருவர் லூயியின் அம்மா ப்ளான்ஷுக்கு எழுதிய உளவுக் கடிதம் அடுத்து நடந்ததைக் காட்டுகிறது.

இசபெல் லூசிஞான் கோட்டைக்குப் போய்ச் சாமான்களை அள்ளினாள். படுக்கை விரிப்பு, மெத்தை, பெட்டி, பலகை, அண்டா, கோயில் துணிமணி எல்லாம் அங்கூலெமுக்கு. ஊக் பணிவாக வந்து, ஏன் இப்படி வீட்டை மொட்டையடித்தாய், இதே மாதிரி வாங்கித் தருகிறேன் என்றான். என்னை அவமதித்தவர்களுக்கு விருந்து வைத்தவன் என் கண்முன் நிற்காதே என்று சொல்லிவிட்டு அங்கூலெம் போய்க் கதவைச் சாத்தினாள். மூன்று நாள் அவன் வெளியே கிடந்தான். பிறகு திறந்தாள், அழுதுகொண்டே சொன்னாள்: புவாத்தியேயில் என்னை மூன்று நாள் காக்கவைத்தார்கள், அறைக்குள் போனால் அரசன் கட்டிலின் ஒருபக்கம், ராணியும் ஷார்த்ர் சீமாட்டியும் மறுபக்கம். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை, நான் வந்தபோதும் போனபோதும் யாரும் எழுந்திருக்கவில்லை, வேலைக்காரியைப்போல நின்றேன்.

முடிசூடிய ராணி. எதிரில் உட்கார்ந்தவர்களின் குடும்பத்தில் மூத்தவளான ப்ளான்ஷ் ஜானின் அக்கா மகள், அதாவது இவள் கணவன் வழியில் மருமகள் முறை. இவளுடைய அம்மா அலீஸ் இரண்டாம் ஃபிலிப்பின் சித்தப்பா மகள். அந்த அறையில் யார் எழுந்து நிற்கவேண்டும் என்பது அவளுக்குச் சின்ன விஷயமில்லை.

அந்தக் கிறிஸ்துமசில் ஊக் புவாத்தியே அவைக்கு மனைவியோடு போய், விசுவாசத்தை முறித்துக்கொள்கிறேன் என்று எல்லார் முன்னும் அறிவித்தான்.

மாறன்_க | ஜனவரி 13, காலை 7:02

நாற்காலி கொடுக்காததால் ஒரு போர்!

சுவடிமேடு | ஜனவரி 13, இரவு 9:50

போருக்கு ஊக் பக்கத்துக் காரணமும் இருந்தது. தலைக்குமேல் அரசன் தம்பியே வந்து உட்கார்ந்தால் இவ்வளவு நாள் இரண்டு அரசர்களையும் மாற்றி மாற்றி ஏலம் விட்ட தொழில் முடிந்துபோகும். 1242 மேயில் ஹென்றி ருவாயானில் வந்து இறங்கினான். ஜூலை 21-இல் ஷரான்த் ஆற்றுத் தாய்புர் பாலத்தில் பிரெஞ்சுப் படை தாண்டிவிட்டது, மறுநாள் சாந்த் நகருக்கு வெளியே தோல்வி. நீ வாக்களித்த ஆட்கள் எங்கே, இதோ உன் கடிதங்கள் என்று ஹென்றி கேட்டபோது, எல்லாம் உன் அம்மா வேலை, எனக்குத் தெரியாது என்றானாம் ஊக். எழுதியவர் பாரிஸ் மத்தேயு, அவர் வசனம் எழுதுவதில் கைதேர்ந்தவர், கால்பங்கு நம்பலாம்.

ஆகஸ்டில் ஊக், இசபெல், பிள்ளைகள் எல்லாரும் லூயியின் முன் மண்டியிட்டார்கள். மெர்பேன், க்ரோசான் உள்ளிட்ட கோட்டைகளில் அரசன் படை உட்கார்ந்தது. 1244-இல் லூயியின் சமையலறையில் விஷத்தோடு இரண்டு பேர் பிடிபட்டார்கள், அனுப்பியது இசபெல் என்று பேச்சு. அவள் ஃபொந்தெவ்ரோ மடத்துக்குள் போய்விட்டாள். 1246-இல் அங்கேயே மரணம்.

தராசு | ஜனவரி 14, காலை 8:28

அங்கே இருக்கிற நாலு கல்லறைச் சிலைகளில் (படுத்த கோலம்) அவளுடையது மட்டும் மரம் என்கிறார்கள். ஏழ்மையா, தண்டனையா?

சுவடிமேடு | ஜனவரி 14, இரவு 10:15

ஜானின் அப்பா இரண்டாம் ஹென்றி, அம்மா எலியனோர், அண்ணன் ரிச்சர்ட் மூவருக்கும் தூஃபோ என்ற வெள்ளைச் சுண்ணக்கல், வண்ணம் தீட்டியது. இவளுக்கு வண்ணம் தீட்டிய மரம். முதலில் அவளைக் கோயிலுக்கு உள்ளே புதைக்கவில்லை. 1254-இல் மூன்றாம் ஹென்றி வந்து பார்த்து, உடலை உள்ளே மாற்றச் சொன்னான். சண்டை போட்ட மகன்தான். மரத்தைத் தண்டனை என்று படிக்கவேண்டாம், அந்த நூற்றாண்டில் மரச் சிலை மட்டமான பொருள் அல்ல. லூசிஞான் பிள்ளைகளில் வில்லியம் 1247-இல் அண்ணன் ஹென்றியை நம்பி இங்கிலாந்து போனவன், 1296-இல் செத்தான். வெஸ்ட்மின்ஸ்டரில் அவன் சிலையும் உள்ளே ஓக் மரம், மேலே பொன்முலாம் பூசிய செப்புத் தகடு, லிமோஜ் எனாமல் வேலை. அம்மா சிலையில் வண்ணம், மகன் சிலையில் எனாமல்.

சுவடிமேடு | ஜனவரி 14, இரவு 10:31

திருத்தம்: ஜனவரி 4 குறிப்பில் "சாவியை எடுத்துக்கொண்டான் ஜான்" என்று எழுதினேன். 9-ஆம் ஊக் பிறகு மணந்தது மத்தில்ட், எமாரின் அண்ணன் மகள், அங்கூலெமுக்கு உரிமை கோரியவள். ஆக அவனிடமும் ஒரு மாற்றுச் சாவி இருந்தது.